மூன்றாவது விசில்

பதினொன்று நாற்பது ஆனால் எதிர்வீடு முந்நூற்றிரண்டில் குக்கர் மூன்று விசில் அடிக்கும். அதில் குற்றம் ஒன்றுமில்லை. காட்பாடியில் அந்த நேரத்துக்கு விசில் அடிக்காத வீட்டைத்தான் தேட வேண்டும். தவமணியை உறுத்தியது விசில் இல்லை, வாசனை. விசில் வருகிறது, கூடவே வரவேண்டிய வாசனை வரவில்லை.

ஒரு வீட்டுக் கதவிடுக்கில் கசியும் ஆவியை வைத்தே அன்றைக்கு அங்கே என்ன குழம்பு, யாருக்கு வயிறு சரியில்லை, புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சுவார்த்தை உண்டா இல்லையா என்று சொல்லிவிடக்கூடிய மூக்கு தவமணியினுடையது. பொன்மலர் அடுக்ககத்தில் மொத்தம் நாற்பத்தெட்டு வீடு. நாற்பத்தேழின் சமையல் அவளுக்கு அத்துப்படி. முந்நூற்றிரண்டு மட்டும் எட்டு மாதமாக வெறும் சத்தமாகவே இருந்தது.

அங்கே இருந்தது ஜெபநேசன் ஒருவர்தான். ரயில்வேயில் டிடிஆராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி ரூபி போன ஜூன் மாதம் இறந்துபோனாள். இரண்டு நாள் காய்ச்சல், மூன்றாம் நாள் இல்லை. கனடாவிலிருந்து மகன் வந்தான், ஒரு வாரம் இருந்தான், போய்விட்டான். அதன்பிறகு மனிதருக்கு மெஸ் சாப்பாடு. பன்னிரண்டரை மணிக்குக் கேரியர் வந்து கதவுக் கைப்பிடியில் தொங்கும். கேரியர் சோறு சாப்பிடுகிற ஒண்டி ஆளுக்குப் பதினொன்று நாற்பதுக்கு எதற்கு மூன்று விசில்? யாருக்கு?

இந்தக் கேள்வியை உள்ளே வைத்துக்கொண்டு தவமணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கட்டடத்துக்கு ஒரு நாத்தனார் இருந்தாள். கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் இதம். வேலூர் வெயில் நாற்பத்தாறைத் தொட ஆரம்பித்த வருஷம், வீட்டுக்கு வீடு ஏ.சி. மாட்டி ஆளாளுக்கு மின்சாரத்தை இழுத்தால் ஊர் தாங்காது என்று சொல்லி, மொட்டைமாடியில் ஒரே பெரிய இயந்திரத்தை உட்கார வைத்து எல்லா வீட்டுக்கும் குழாய் வழியாகக் குளிரை அனுப்பினார்கள். ஒவ்வொரு அறைக் கூரையிலும் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு கண். படம் எடுக்காது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். உடம்புச் சூடு, நடமாட்டம், சத்தம், இவ்வளவுதான் அதற்கு. இவற்றை வைத்துக்கொண்டே யார் எப்போது எங்கே உட்காருவார், யாருக்கு எவ்வளவு குளிர் பிடிக்கும் என்று தானாகவே கற்றுக்கொள்ளும். யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்த வேண்டாம். வெயிலில் அலைந்துவிட்டு வந்தவருக்கு ஒரு மாதிரி, குளித்துவிட்டு வந்தவருக்கு ஒரு மாதிரி, கோபத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பவருக்கு இன்னொரு மாதிரி. எல்லாவற்றையும் கவனிக்கிறது, கவனித்ததை மறப்பதில்லை, ஆனால் ஒன்றுமே தெரியாததுபோல் ஓரமாக இருக்கிறது. இப்படிப்பட்டதற்கு நாத்தனார் என்று பெயர் வைத்தவள் தவமணிதான். நான்கு மாடிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அவள் வீட்டு நாத்தனாருக்கு மட்டும் கொஞ்சம் புத்தி மந்தம் என்பது தவமணியின் குறை. சமையலை முடித்து முகத்தைத் துடைத்தபடி அவள் ஹாலுக்கு வந்தால், ஹாலில் ஏனோதானோ என்று கொஞ்சம் காற்று வரும். உள்ளறையிலோ புஸ்ஸென்று கிளம்பும். அவள் கணவர் சபாபதி, மின்வாரியத்தில் இருந்தவர், நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் செலவழிக்காதவர், செய்தித்தாளை மடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போய்விடுவார். குளிர் எங்கேயோ ஐயா அங்கே என்று தவமணி எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

கத்திரி பிறந்ததும் மின்வாரியம் கெடுபிடி செய்தது. கட்டடத்துக்கு இவ்வளவுதான் என்று ஓர் அளவு. நாத்தனார் அதைத் தலையை எண்ணிப் பிரித்துக் கொடுப்பாள். ஒரு வீட்டில் தலை கூடினால் மற்ற வீடுகளுக்கு அவ்வளவு குறையும். இதில் யாரும் பொய்த்தலை காட்டிவிடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் ஒரு குளிர் கமிட்டி போட்டது. மூன்று பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு பேர் பெயரை மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது ஆள் தவமணி. அவள் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். எந்த வீட்டில் எத்தனை பேர், எந்த அறையில் என்பது அதில் தெரியும். கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டிருந்தவளுக்கு நாற்பத்தெட்டு வீட்டுக் கூரையையும் பிரித்துக் காட்டியதுபோல் ஆகிவிட்டது.

முதல் நாளே பார்த்தாள். முந்நூற்றிரண்டு: இரண்டு பேர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டுதான். ஒருவர் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம். இன்னொருவர் இந்தப் பக்கம், காற்றுத் துவாரத்துக்கு நேர் கீழே. பன்னிரண்டு மணிக்கு ஒருவராகிவிட்டது. மறுநாளும் அப்படியே. மூன்றாவது விசிலுக்கு வருகிறாள், இருபது நிமிஷம் உட்காருகிறாள், போய்விடுகிறாள். வாசற்கதவு திறந்ததாகத் தவமணியின் காது சொல்லவில்லை. அந்தக் காதைத் தாண்டி ஒரு பூனைகூட மாடிப்படி ஏறியதில்லை.

கனகாவிடம் மட்டும்தான் சொன்னாள். நாலாவது மாடிக் கனகா, ஆறு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்டில் வந்தவள், குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, வீட்டில் காற்றே சரியாக வருவதில்லை என்று ஆரம்பித்தாள். காற்று எங்கே போகிறது என்று தனக்குத் தெரியும் என்றாள் தவமணி. சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். பிறகு சொன்னாள்.

"ஆயுசு பூரா டிக்கெட் இல்லாதவனைப் புடிச்சு எறக்கிவிட்ட மனுஷன், வீட்டுக்குள்ளயே ஒருத்திய டிக்கெட் இல்லாம உக்கார வச்சிருக்காரு."

சொன்னதும் அவளுக்கே பிடித்துப்போனது. அன்று சாயங்காலத்துக்குள் அதை இன்னும் நான்கு பேரிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்து அந்தப் பேச்சு அவளிடமே திரும்பி வந்தபோது, அந்தப் பெண்ணுக்கு வயது நாற்பத்திரண்டு ஆகியிருந்தது. ஏதோ ஆஸ்பத்திரியில் நர்ஸ். பச்சைச் சேலை கட்டுவாளாம். தான் அனுப்பிய கதை இவ்வளவு நன்றாக உடுத்திக்கொண்டு வந்து நிற்பதைப் பார்த்துத் தவமணிக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு கிண்ணம் வத்தக்குழம்போடு போய்க் கதவைத் தட்டிப் பார்த்தாள். ஜெபநேசன் கதவை ஒருக்களித்துத் திறந்து, நன்றி சொல்லி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு மூடிவிட்டார். அந்த இடைவெளியில் அவள் பார்த்தது மேஜையும் அதன்மேல் இரண்டு டம்ளரும். போதாதா?

சங்கச் செயலாளர் குணசீலன் நியாயஸ்தர். வீட்டுக்கு யார் வருகிறார், போகிறார் என்பது நமக்கு வேண்டாம், ஆனால் பங்கு பங்குதான் என்றார். ஆள் வந்து தங்குவதென்றால் எழுதிக் கொடுத்துவிட்டுத் தங்கட்டும். கம்பெனிக்குச் சொல்லி அனுப்பினார்.

வந்தது நஸ்ரீன் என்ற பெண். முக்காட்டுக்கு மேலே கம்பெனித் தொப்பி. தவமணி வீட்டு ஹாலில் உட்கார்ந்து, கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டேப்லெட்டில் எங்கெங்கோ புகுந்து பார்த்தாள். பக்கத்தில் குணசீலன். சபாபதி வழக்கம்போல உள்ளறையில்.

"புது ஆள் யாரும் இல்லியே ஆன்ட்டி. இவங்க பழைய ஆளுதான். ரூபின்னு போட்டிருக்கு."

தவமணி டேப்லெட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "அவ செத்துப் பதினோரு மாசம் ஆச்சும்மா."

நஸ்ரீன் பயப்படவில்லை. இது மாதிரி நிறையப் பார்த்தவள்போல் தலையை ஆட்டினாள்.

"இதுக்கு மூஞ்சியெல்லாம் தெரியாது. பேரு நாம குடுக்கறதுதான். இதுக்குத் தெரிஞ்சது பழக்கம் மட்டும்தான். அந்த வீட்டுல மூணாவது விசில் அடிச்சா ஒருத்தங்க கிச்சன்லேர்ந்து ரொம்ப சூடா வெளிய வருவாங்க, வந்து அந்த நாற்காலியில உக்காருவாங்க. பல வருஷமா பாத்துப் பாத்து, ரெண்டாவது விசிலுக்கே அங்க காத்தை எறக்கி வைக்கக் கத்துக்கிச்சு. இப்ப யாரு அதே மாதிரி சூடா வந்து அங்க உக்காந்தாலும், இதப் பொறுத்தவரைக்கும் அவங்கதான் ரூபி."

"அப்ப வேற ஒருத்தி."

"இருக்கலாம். ஆனா அசைவு ரொம்பக் கம்மியா இருக்கு. தூங்கறாங்களோ என்னமோ." திரையைத் தள்ளிக்கொண்டே போனவள் சிரித்துவிட்டாள். "உங்க வீடு தமாஷா இருக்கு ஆன்ட்டி. நீங்க அடுப்பை அணைச்ச உடனே உள் ரூம்ல காத்து ஆரம்பிச்சிடுது பாருங்க. நீங்க ஹாலுக்கு வந்தா அங்கிள் உள்ள போயிடுவாருன்னு கத்து வச்சிருக்கு."

"காத்து அங்க வருது, அதனால அவரு போறாரு."

"இல்ல ஆன்ட்டி. முதல்ல அவருதான் போயிருக்காரு. ரொம்ப நாள் போயிருக்காரு. அப்புறம்தான் இது கத்துக்கிச்சு."

தவமணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டில் முதல் விசில் அடித்தது. மூன்று பேரும் எழுந்தார்கள்.

மூன்றாவது விசில் அடங்கி ஐந்து நிமிஷம் பொறுத்துக் குணசீலன் கதவைத் தட்டினார். ஜெபநேசன் திறந்தார். மூன்று பேரையும், தவமணி கையில் இருந்த டேப்லெட்டையும் பார்த்தார். ஒரு ரயில் பெட்டியின் கதவில் ஒதுங்கி நின்று வழிவிடுகிறவர்போல் ஒதுங்கினார்.

"வாங்க. உள்ள வந்தே பாருங்க."

காற்றுத் துவாரத்துக்குக் கீழே இருந்த நாற்காலியில் ஒரு பச்சைச் சேலை உட்கார்ந்திருந்தது. ரூபியின் சுங்குடிச் சேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கட்டிக்கொண்டு போகும்போது தவமணி விலை கேட்ட சேலை. மடிப்பெடுத்து, உள்ளே எதையோ சுற்றி வைத்திருந்தது. மடிப்புக்கு நடுவில் குக்கரின் கறுத்த கைப்பிடி நீட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து இறங்கிய காற்றில் முந்தானை மட்டும் லேசாக ஆடியது. மேஜையில் இரண்டு டம்ளர் காப்பி. ஒன்று பாதி குடித்திருந்தது.

குணசீலன் தொண்டையைச் செருமினார். நஸ்ரீன் டேப்லெட்டை எட்டிப் பார்த்து மெதுவாகச் சொன்னாள். "முப்பத்தேழு டிகிரி காட்டுது. முந்தானை ஆடறதத்தான் அசைவுன்னு எடுத்துக்கிட்டிருக்கு."

ஜெபநேசன் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார், ஏதோ ரயில் ஏன் தாமதம் என்று பயணிகளுக்கு விளக்குகிற தொனியில். குக்கரில் வெறும் தண்ணீர்தான். மூன்று விசில் விட்டு இறக்க வேண்டும். இரண்டு சுற்று ஈரத்துண்டு, அதன்மேல் சேலை. முதல் நாள் ஒரு துண்டுதான் சுற்றினாராம், சூடு அதிகமாகி, தீ என்று கூரை கத்தியதாம். சரியான சுற்றுக் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனது. இருபது நிமிஷத்தில் ஆறிவிடும். ஆறினதும் எடுத்துவிடுவார்.

பிறகு அவர் தவமணியைப் பார்த்தார். மற்ற இரண்டு பேரும் அங்கே இல்லாததுபோல் அவளிடம் மட்டும் பேசினார்.

"அடக்கம் முடிஞ்சு மூணாம் நாள், அவ தங்கச்சி வந்து சமைச்சா. விசில் அடிச்சதும் மேலேர்ந்து காத்து எறங்குச்சு, இந்த நாற்காலிக்கு. நாற்காலியில ஆள் இல்ல. அன்னைக்குத்தான் எனக்கே தெரியும், இத்தனை நாளும் அவ வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே இது அவளுக்குக் காத்து எடுத்து வச்சிருக்குன்னு." காற்றில் விலகிய முந்தானையை இழுத்துச் சரிசெய்தார். "முப்பத்தெட்டு வருஷம் நானும் அதே விசிலைக் கேட்டேன் தவமணிம்மா. மூணாவது விசில் அடிச்சா நான் என்ன செய்வேன் தெரியுமா? தட்டைக் கழுவிட்டு வந்து இந்தப் பக்கம் உக்காருவேன். விசில்னா எனக்குச் சோறு. அவளுக்கு வேர்க்குதுன்னு ஒருநாள்கூடத் தோணல. இது வர்றதுக்கு முன்னால ஃபேன்தானே. சுவிட்ச் எங்க இருக்கு பாருங்க. என் கைக்குப் பக்கத்துல."

சுவிட்ச் இன்னும் அங்கேதான் இருந்தது. அவர் நாற்காலிக்கு ஒரு சாண் தள்ளி.

ரூபி இல்லாமல் எழுபத்தைந்து நாள் ஆனபோது நாத்தனாரின் சுவர்த்திரையில் ஓர் அறிவிப்பு வந்ததாம். இந்த ஆளைக் காணவில்லை, தொண்ணூறாம் நாள் பெயர் நீக்கப்படும் என்று. "நான் கவனிக்காத அவளக் கவனிச்சு வச்சிருந்தது இது ஒண்ணுதான். இதுவும் மறந்துட்டா அவளுக்கு வேர்த்ததுன்னு யாருக்குத் தெரியும்?"

அங்கே பேசாமல் இருப்பது குணசீலனால் முடியாத காரியமாகையால், அவர்தான் பங்கு விஷயத்தை மெல்ல எடுத்தார். ஒரு தலைக்குண்டான குளிர் இங்கே வருவதால் மற்ற வீடுகளில் குறைகிறது, நாலாவது மாடியில் கைக்குழந்தைக்கு வேர்க்குரு, அதனால்தான் வரவேண்டியதாகிவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஜெபநேசனுக்கு இது தெரியாது. சங்கக் கூட்டத்துக்கெல்லாம் ரூபிதான் போவாள். கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. எதிரில் நிற்கிற பயணியிடம் டிக்கெட் இல்லை என்று தெரிந்தால் மாறுமே, அப்படி இல்லை. தன் பையிலேயே டிக்கெட் இல்லை என்று தெரிந்தவனின் முகம்.

டேப்லெட் தவமணி கையில் அதிர்ந்தது. திரையில் ஒரு கேள்வி. முந்நூற்றிரண்டு, இரண்டாவது பதிவு: ஆளா, பொருளா? கமிட்டி உறுப்பினர் கட்டைவிரல் வைக்கவும்.

"பொருள்னு சொல்லிட்டா?" என்று நஸ்ரீனைக் கேட்டாள்.

"அந்தப் பேருல இருக்கிற பழக்கமெல்லாம் அழிஞ்சிடும் ஆன்ட்டி. அந்த நாற்காலிக்கு இனிமே வராது." அந்தப் பெண் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். "நான் மாத்தி எழுதவும் முடியாது. பாத்தாச்சு."

"அமுத்துங்க தவமணிம்மா," என்றார் ஜெபநேசன். "சின்னக் குழந்தை. எத்தனையோ பேரை நடு ஸ்டேஷன்ல எறக்கி விட்டிருக்கேன் நான். டிக்கெட் இல்லன்னா எறங்கணும்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தவமணிக்குப் பொறுக்கவில்லை. லிஃப்டில் விட்ட வார்த்தை அவள் வீட்டுக்கு வந்தது போதாதென்று இந்த வீட்டுக்கும் வந்து போயிருக்கிறது.

கட்டைவிரலை வைத்தாள். மேலே ஏதோ மூடிக்கொள்கிற சத்தம். முந்தானை ஓர் ஆட்டம் ஆடி, அப்படியே விழுந்தது.

அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. ஒரு வீட்டுப் பங்கை இன்னொரு வீட்டுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. கூட்டத்தில் அந்த விதியை எழுந்து நின்று வாசித்தவள் அவள்தான். என் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாற்காலியை விட்டுவிடுங்கள் என்று ஒரு வாக்கியம். ஊருக்கெல்லாம் வாக்கியம் செய்து கொடுக்கிற வாயில் அந்த நேரம் அது வரவில்லை. கையில் இருந்த கரண்டியைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

கனகா கேட்டாள். எல்லோரும் கேட்டார்கள். யார் அந்த நர்ஸ்? என்ன சொன்னார் டிடிஆர்? தவமணியின் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய கதை அவளிடம் மட்டும் இருந்தது அதுதான் முதல் தடவை. உறவுக்காரர்கள் வந்திருந்தார்கள், போய்விட்டார்கள் என்று முடித்துக்கொண்டாள். கேட்டவர்கள் ஏமாற்றத்தோடு போனார்கள். அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது.

பதினோரு நாள் முந்நூற்றிரண்டில் விசில் இல்லை. பதினொன்று நாற்பதுக்குத் தவமணி கையில் இருந்த வேலையை நிறுத்திவிட்டு நிற்பாள். அடுத்த வீடு, மேல்வீடு, கீழ்வீடு என்று எல்லா விசிலும் வரும். அது வராது.

பன்னிரண்டாம் நாள் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு நான்கு, ஐந்தும் வந்தது. அதோடு கதவிடுக்கில் ஒரு வாசனை. அடிப்பிடித்த துவரம்பருப்பு. மறுநாள் மஞ்சள் தூக்கலாக, பெருங்காயமே இல்லாமல். அதற்கடுத்த நாள் மூன்றே விசில், பருப்பு சரியாக வெந்திருந்தது. கடுகு மட்டும் கருகியிருந்தது. கேரியரைக் காணோம்.

இதற்குமேல் பொறுக்க முடியாமல் ஒரு கிண்ணம் கூட்டு எடுத்துக்கொண்டு போய்த் தட்டினாள். இந்தத் தடவை கதவு முழுசாகத் திறந்தது. ஜெபநேசன் தொப்பலாக நனைந்திருந்தார். பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது, தோளில் கரித்துணி, நெற்றியிலிருந்து மூக்கு வழியாகச் சொட்டியது. உள்ளே வரச் சொல்லிவிட்டுப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ரூபியின் நாற்காலியில்.

அவர் தலைக்கு மேலே துவாரம் மூடியிருந்தது. காற்று வந்தது மேஜையின் அந்தப் பக்கத்துக்கு. அங்கே வழக்கமாக அவர் உட்காரும் நாற்காலி காலியாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு, அதன்கீழ் ஒரு காகிதம், காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

தவமணிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. அவள் பார்வை போன இடத்தை அவரும் பார்த்தார்.

"என்னை அதுக்கு நல்லாத் தெரியும்," என்றார். "மூணாவது விசில்னா நான் தட்டோட அங்க உக்காந்திருப்பேன். அதனால அங்கதான் அனுப்புது. நான் இங்க இருக்கறது அதுக்கு இன்னும் பழகல."

"பழக எவ்வளவு நாளாகும் சார்?"

"ஒரு மாசம்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. வேணும்னா உடனே மாத்தி வைக்கலாமாம். வேணாம்னுட்டேன்." முகத்தைக் கரித்துணியிலேயே துடைத்தார். "இங்கேர்ந்து பாத்தா எப்படித் தெரியுதுன்னு கொஞ்ச நாள் பாக்கறேனே. நீங்க அங்க உக்காருங்க. வீணாப் போகுது."

தவமணி அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் குளிர் தோளில் இறங்கியது. வைகாசி வெயிலில் அவ்வளவு சுகமான இடம் அந்தக் கட்டடத்தில் இன்னொன்று இருக்காது. ஜெபநேசன் எழுந்து ஒரு தட்டில் சோறும் பருப்பும் போட்டு அவள் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அவர் கழுத்திலிருந்து ஒரு துளி வழிந்து பனியனுக்குள் போனது. அடுத்தது. அங்கே உட்கார்ந்தால் எதிரில் இருப்பவருக்கு வேர்ப்பது தெரியாமல் இல்லை. நன்றாகவே தெரிந்தது.

கருகிய கடுகோடு அவள் அவ்வளவையும் சாப்பிட்டாள். உப்பு கம்மி என்று சொல்லவில்லை.

வெளியே வந்தபோது லிஃப்ட் திறந்தது. உள்ளே கனகா, இடுப்பில் குழந்தை. வேர்க்குரு உதிர்ந்து, தோல் பளபளவென்றிருந்தது. இப்போதெல்லாம் வீட்டில் நல்ல காற்று வருகிறது என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"முந்நூத்திரெண்டுல மறுபடியும் ரெண்டு பேர் காட்டுதாம். குணசீலன் அண்ணன் போன்ல பாத்துட்டுச் சொன்னாரு, இப்பத்தான். யாருக்கா அது?"

தவமணி கையிலிருந்த காலிக் கிண்ணத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"குக்கரா இருக்கும்," என்றாள்.

லிஃப்ட் மூடிக்கொண்டது. தன் வீட்டுப் பூட்டில் சாவியை நுழைத்துத் திருப்பினாள். கதவு திறப்பதற்கு முன்பே உள்ளறையில் காற்று கிளம்பும் சத்தம் கேட்டது. அதன் பின்னால் செருப்புச் சத்தம், நாலு அடி, பிறகு கட்டில் முனகியது.

ஹாலில் ஆள் இல்லை. நாற்காலியில் மடித்த செய்தித்தாள் கிடந்தது. அதை எடுத்துவிட்டு உட்காரும் இடத்தில் கையை வைத்துப் பார்த்தாள். இன்னும் சூடு இருந்தது. அது ஆறும் வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.